மகளின் படிப்புக்கு நான் போட்ட லீவு

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். என் மகள் சுமதி சமையலறை மேஜையில் ஒரு கடிதத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரிய கடிதம் இல்லை. அரைப் பக்கம்தான்.

எங்கள் வீட்டுக்கு வரும் இங்கிலீஷ் கடிதங்களையெல்லாம் சுமதிதான் படித்துத் தமிழில் சொல்வாள். பன்னிரண்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அது அவள் வேலை. அபார்ட்மென்ட் நோட்டீஸ், கரண்ட் பில், பள்ளிக்கூடத்திலிருந்து அவளைப் பற்றியே வரும் கடிதம்... எல்லாம். கெட்ட செய்தி என்றால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, காரத்தைக் குறைத்துச் சொல்வாள்.

அன்றைக்கும் அப்படித்தான்.

“எங்க இன்ஸ்டிட்யூட் கோர்ஸுக்கு அப்ரூவல் கிடைக்கலையாம். கிளாஸ் நடக்குமாம். சர்ட்டிபிகேட் குடுப்பாங்களாம். அந்த நேஷனல் எக்ஸாம் மட்டும் எழுத முடியாதாம்.”

“எழுதலைன்னா என்னடி?” என்று கேட்டாள் என் மனைவி சரோஜா.

“ஆஸ்பத்திரில வேலைக்கு எடுக்க மாட்டாங்கம்மா. இட்ஸ் ஓகே. ஒரு வருஷம்தானே போச்சு... வேற எங்கயாவது பார்க்கலாம்.”

ஒரு வருஷம்தானே!

இந்தக் கடிதம் வரக்கூடும் என்று அந்த வீட்டில் ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கு முன்பே தெரியும். அந்த ஆள், அவிழ்த்து முடித்த ஷூ கயிற்றை மறுபடி அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கடுத்த வாரம், நான் வாராவாரம் பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியில் கராஜ் சேலில் வாங்கிய குடையைப் பற்றி எழுதினேன். அதற்கும் அடுத்த வாரம், சாம்பார் கொதித்தால் அலறும் ஸ்மோக் அலாரம் பற்றி. இரண்டு பேர் போன் செய்து, “விழுந்து விழுந்து சிரிச்சோம் அங்கிள்” என்றார்கள். எழுத வேண்டியதை எழுதாமல் தள்ளிப்போடத்தான் அவற்றை எழுதினேன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறேன் என்று உங்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஏன்? நான்தான் சொன்னேன். இந்தப் பத்தியிலேயே எழுதியிருக்கிறேன்.

பொய்யில்லை. லேபில்தான் வேலை. லேபின் தரையில் வேலை.

காலை ஆறிலிருந்து இரண்டரை வரை துடைப்பம், பக்கெட், குப்பைப் பை. லேபும், அதற்கு வெளியே உள்ள நீளமான காரிடாரும் என் பொறுப்பு. அஞ்சாம் கிளாஸ் படித்தவனைத் தம்பி ரங்கன் ஸ்பான்சர் பண்ணி இந்த நாட்டுக்கு அழைத்து வந்தான். வேறு என்ன வேலை கிடைக்கும்? கிடைத்ததே பெரிது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை — யாரும் கேட்காத வரையில்.

வந்த புதிதில் ஒரு பர்த்டே பார்ட்டியில் ஒருவர் கேட்டார். “எங்க ஒர்க் பண்றீங்க?”

“ஆஸ்பத்திரியில.”

“எந்த டிபார்ட்மென்ட்?”

“லேப்.”

“ஓ! வெரி குட்” என்று சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு வடை வைத்தார். அந்த வடையை நான் சாப்பிட்டிருக்கக் கூடாது.

அன்றிலிருந்து இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா. அப்படித்தான் வீட்டை விட்டுக் கிளம்புவேன். ஆஸ்பத்திரி லாக்கரில் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, சாம்பல் நிற யூனிபார்மைப் போட்டுக்கொள்வேன். சரோஜாவுக்கும் தம்பிக்கும் தெரியும். சுமதிக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அவள் ‘என் அப்பா லேபரட்டரியில் வேலை செய்கிறார்’ என்று கட்டுரை எழுதிக் காட்டினாள். நான் அதைத் திருத்தவில்லை. ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்.

லேபில் டோரிஸ் என்று ஒரு அம்மாள். அறுபதை நெருங்கும் வயது. நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக் கண்ணாடித் தகடுகளைப் பார்ப்பதுதான் அவர் வேலை. பெண்களின் கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த செல்களைத் தகட்டில் தடவி, சாயம் ஏற்றிக் கொண்டுவந்து வைப்பார்கள். கேன்சருக்கு அடையாளம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் அந்த இடத்தில் மையால் ஒரு புள்ளி. பிறகு டாக்டர் பார்ப்பார். அதாவது, டாக்டர் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்வது இவர்கள்தான். சைட்டோடெக்னாலஜிஸ்ட் என்று பெயர். அந்தப் பெயரை ஒழுங்காகச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

ஒரு நாள் நான் குப்பையை எடுக்கப் போனபோது, “நீயும் பாரேன்” என்று எழுந்து இடம் விட்டார் டோரிஸ்.

பார்த்தேன். நீலம், ரோஸ், ஆரஞ்சு... பொரித்த அப்பளத்தை நொறுக்கித் தூவிய மாதிரி. ஒவ்வொரு துண்டின் நடுவிலும் ஒரு மிளகு. மிளகு சின்னதாக இருந்தால் நல்ல செல். பெரிதாகி, கறுத்து, கோணலானால் கவலைப்பட வேண்டும்.

அதை அன்று சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். எப்படிச் சொன்னேன்? தினமும் நானே பார்ப்பதுபோல! சுமதி சாதத்தில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு வாராவாரம் கேட்பாள். “அப்பா, இந்த வாரம் கெட்ட மிளகு வந்துதா?”

ஹைஸ்கூல் முடித்ததும் சைட்டோடெக்னாலஜிதான் படிப்பேன் என்றாள். இரண்டு வருட அசோசியேட் டிகிரி.

“ரெண்டு வருஷமா?” என்றான் ரங்கன். “அண்ணே, வெளிய சொல்லாதீங்க. டாக்டருக்குப் படிக்க ப்ரீ-மெட்னு சொல்லிக்கலாம்.”

“ப்ரீ-மெட் இல்ல சித்தப்பா. ஐ லைக் திஸ்.”

“நீ லைக் பண்ணும்மா. பார்ட்டிக்கு வர்றவங்க லைக் பண்ணணும்ல?”

நான் அப்போது அவன் பக்கம் திரும்பி, “போடா” என்று சொன்னேன். அந்த வருடத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

இரண்டு இடத்தில் அந்தப் படிப்பு இருந்தது. ஒன்று, மாவட்ட அரசு நடத்தும் கவுண்ட்டி காலேஜ். பழைய கட்டடம், எட்டே சீட். இன்னொன்று, ஹைவே ஓரத்தில் புதிதாகத் திறந்த ஒரு தனியார் இன்ஸ்டிட்யூட். வழவழவென்று புத்தகம் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். அட்டையில் வெள்ளைக் கோட்டு போட்ட பெண் சிரிக்கிறாள். “பில்டிங்கைப் பாருங்கண்ணே!” என்று ரங்கன் மயங்கினான்.

எதைத் தேர்ந்தெடுப்பது? எனக்குத்தான் ஆள் இருக்கிறதே! காபி வேளையில் டோரிஸிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். அந்தப் படிப்புக்கு முறையான அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பார். அது இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். பழைய தகடுகளைப் பெட்டியில் வைத்துக் காட்டுகிறார்களா, அல்லது ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர் பக்கத்தில் உட்கார வைக்கிறார்களா என்று கேள். சென்ற வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்றும் கேள் — ஆபீஸில் கேட்காதே, அங்கே படிக்கிற பிள்ளையிடம் கேள்.

நான் இன்ஸ்டிட்யூட் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். அங்கீகாரம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘அப்ளைட்’ என்று இருந்தது.

“விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். இன்னும் கிடைக்கவில்லை” என்றார் டோரிஸ். “கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். உன் மகளை வைத்தா பரீட்சித்துப் பார்ப்பது? கவுண்ட்டி காலேஜுக்கு அனுப்பு. அந்தப் பிள்ளைகள் இரண்டாவது வருடம் முழுக்க இங்கேதான் வருவார்கள். என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன்.”

இங்கேதான்!

 ஒரு வருடம் முழுக்க, தினமும், என் மகள் அந்த நாற்காலியில். அவள் காலடியில் குப்பைத் தொட்டி. அதை எடுக்கப் போகிறவன் யார்?

வீட்டுக்கு வந்தேன். “டோரிஸம்மாகிட்ட கேட்டீங்களா?” என்றாள் சரோஜா.

“கேட்டேன். ரெண்டும் ஒண்ணுதானாம்.”

இவ்வளவு லேசாகப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது. பேசவே கூச்சப்படுகிறவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் வியர்க்கும். அன்று வியர்க்கவேயில்லை. மேலே மேலே பேசினேன். கவுண்ட்டி காலேஜ் தூரம். பார்க்கிங் கஷ்டம். பில்டிங் பழசு. எட்டு சீட்டுதான், கிடைக்காவிட்டால் மனசு கஷ்டப்படும்...

சுமதி கேட்டுக்கொண்டாள். ஆனாலும், அவள் ஏற்கெனவே விண்ணப்பம் போட்டிருந்த கவுண்ட்டி காலேஜிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. விண்ணப்பித்தவர்கள் ஒரு புதன்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு வந்து லேபைப் பார்க்கலாம் என்று.

“அப்பா, உங்க லேப்! நீங்களே சுத்திக் காட்டலாம்!”

நான் என்ன செய்தேன்? லீவு போட்டேன். வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடத்தில் அதுதான் முதல் லீவு. சுமதியிடம், அன்றைக்கு வேறு கிளைக்கு அனுப்புகிறார்கள் என்று சொன்னேன். பேனா குத்திய சட்டையோடு கிளம்பி, பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, போகிற ரயில்களையும் வருகிற ரயில்களையும் பார்த்துவிட்டு மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன்.

“எப்படிம்மா இருந்தது?”

“நைஸ்பா. டோரிஸ் உங்களை விசாரிச்சாங்க.”

“என்ன... என்ன சொன்னாங்க?”

“குட் மேன்னு சொன்னாங்க.” அவ்வளவுதான். ரூமுக்குள் போய்விட்டாள்.

ஒரு வாரம் கழித்து, இன்ஸ்டிட்யூட்டில் சேர்கிறேன் என்றாள். ஏன் என்று சரோஜா கேட்டதற்கு, “கவுண்ட்டி காலேஜ் தூரம்மா. பார்க்கிங் கஷ்டம். பில்டிங்கும் பழசு” என்றாள்.

எல்லாம் என் வார்த்தைகள். அதே வரிசையில் அப்படியே வந்தன. எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது. சேரும் படிவத்தில் அப்பா கையெழுத்து என்று இருந்த இடத்தில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டேன். இந்த வரியை எழுதத்தான் எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

கடிதம் வந்த அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பின் வந்த சனிக்கிழமை. எங்கள் அபார்ட்மென்ட் லாண்டரி ரூமில் நானும் சுமதியும் மட்டும். டிரையர் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் பேசினால் என் குரல் எனக்கே கேட்காது. அதனால் தைரியம் வந்தது.

“சுமதி, நான் லேப்ல அந்த வேலை பார்க்கலம்மா. நான் அங்க...”

“ஐ நோ, அப்பா.”

“எப்ப தெரியும்?”

“நான் லேபைப் பார்க்கப் போனேனே, அன்னிக்கே. ‘உங்க அப்பாவோட கிளீனிங் வண்டி இங்கதான் நிக்கும்’னு டோரிஸ் காட்டினாங்க. பெருமையாத்தான் சொன்னாங்க. இந்த ஃப்ளோர்ல சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம்னு.”

“அப்புறம் ஏம்மா அங்க சேரல?”

அவள் என்னைப் பார்த்தாள். “நான் பார்க்கக் கூடாதுன்னுதானே லீவு போட்டீங்க? நான் டெய்லி அங்க வந்தா டெய்லி லீவு போடுவீங்களா? ரெண்டும் ஒண்ணுன்னு நீங்கதான் சொன்னீங்க. சரி, ரெண்டும் ஒண்ணுதானே, இங்கயே போகலாம்னு நினைச்சேன். உங்களுக்கு எம்பாரஸிங்கா இருக்க வேணாம்னு.”

எனக்காக! நான் அவளை ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் அவள் என்னை மன்னித்திருப்பாள். தோளில் சாய்ந்துகூட இருப்பாள். ஆனால் பாதி மட்டும் சொல்லித்தானே இத்தனை வருடம் கெட்டேன்? மீதியையும் சொன்னேன்.

“ரெண்டும் ஒண்ணு இல்லம்மா. டோரிஸ் சொன்னாங்க. அங்கீகாரம் கிடைக்காமப் போகலாம், கவுண்ட்டி காலேஜுக்கு அனுப்புன்னு தெளிவாச் சொன்னாங்க. நான்தான் உங்கிட்ட சொல்லல.”

“யூ நியூ?”

நான் தலையை ஆட்டினேன்.

“யூ நியூ... அண்ட் யூ சைன்ட்?”

டிரையரை நிறுத்தினாள். அவளுடைய துணிகளை மட்டும், சூடாக, மடிக்காமல் பைக்குள் அள்ளித் திணித்தாள். கதவை நிதானமாகத்தான் மூடிக்கொண்டு போனாள். வேகமாகச் சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

நான் தரை துடைப்பது அவளுக்கு ஒரு விஷயமே இல்லை. ஒரு வருடமாகத் தெரிந்துகொண்டு, என் சட்டைப் பையில் பேனா இல்லாவிட்டால் எடுத்துக் கொடுத்தவள் அவள். அவளால் தாங்க முடியாதது வேறு. தரை துடைப்பது கேவலம் என்று நினைத்து, அதை மறைப்பதற்காக நான் செய்தேனே... அதுதான் கேவலம்.

சபைகளில் நாம் சொல்கிறோம் — பிள்ளைகளின் படிப்புக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்று. நானும் சொல்லியிருக்கிறேன். படிப்பு என் மானத்துக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காரப் பார்த்ததும், எதைத் தள்ளிவிட்டேன்? உங்களைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டுக்கொள்கிறேன்.

பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், காபி வைத்தாள், பேசவில்லை. இதைப் பத்தியில் எழுதலாமா என்று சரோஜா மூலம் கேட்டேன். “ஹாஃப் ஹாஃபா எழுதாம ஃபுல்லா எழுதச் சொல்லும்மா” என்று பதில் வந்தது.

அவளே கவுண்ட்டி காலேஜுக்குப் போன் செய்திருக்கிறாள். இந்த வருடமும் எட்டு சீட்தான். படித்ததில் இங்கிலீஷையும் பயாலஜியையும் மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்வார்களாம். மீதியெல்லாம் முதலிலிருந்து. இன்டர்வியூ ஆஸ்பத்திரி லேபில். டோரிஸும் இன்னும் இரண்டு பேரும் கேள்வி கேட்பார்கள். இவ்வளவும் சரோஜா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“வியாழக்கிழமை பத்து மணிக்கு உங்க ஆஸ்பத்திரிக்கு வர்றா” என்றாள் சரோஜா. “லீவு போட்டுராதீங்க.”

போடவில்லை. டோரிஸிடம் முதல் நாளே போய் நடந்ததைச் சொன்னேன். “உன்னிடம் சொல்லி அனுப்பினேனே, அதை என்ன செய்தாய்?” என்று கேட்டார். பிறகு, “அவளுக்காக நான் எதுவும் செய்ய முடியாது. மற்றவர்களைக் கேட்பதுபோல்தான் அவளையும் கேட்பேன்” என்றார். அது நியாயம். சலுகை கேட்கவும் நான் போகவில்லை.

முந்தாநாள்தான் அந்த வியாழக்கிழமை. பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது லிஃப்ட் திறந்தது. ஏழெட்டுப் பிள்ளைகள். நடுவில் சுமதி, கையில் ஃபைலோடு. காரிடார் அங்கே இரண்டாகப் பிரியும். பெயின்ட் அடிப்பதற்காக அம்புக்குறிப் பலகையைக் கழற்றி வைத்திருந்தார்கள். முன்னால் போன பையன் இடது பக்கம் திரும்பினான். எல்லோரும் அவன் பின்னால் திரும்பினார்கள். சுமதியும். அது எக்ஸ்ரே பக்கம் போகிற வழி. அங்கே போய்ச் சுற்றினால் கால் மணி நேரம் போய்விடும்.

லேபுக்குப் போகும் வழி அவள் போன தடவை வந்தபோது பார்த்ததுதான். பதற்றத்தில் மறந்திருப்பாள்.

நான் காரிடாரின் இந்த முனையில், யூனிபார்மில், துடைப்பத்தோடு நின்றேன். டாக்டர்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள். இந்தக் காரிடாரில் ஏழு வருடமாக நான் எதிரே வருகிறவர்களுக்கு ‘குட் மார்னிங்’ தவிர வேறு வார்த்தை பேசியதில்லை. அதையும் அவர்கள் சொன்னால்தான் சொல்வேன்.

“சுமதி!” என்று கத்தினேன். “அந்தப் பக்கம் இல்லம்மா! இந்தப் பக்கம்!”

எல்லோரும் திரும்பினார்கள். டாக்டர்களும்தான். சுமதி நின்று என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. மற்ற பிள்ளைகளிடம், “திஸ் வே. மை டாட் ஒர்க்ஸ் ஹியர்” என்று சொல்லிவிட்டு என்னை நோக்கி நடந்து வந்தாள்.

“எந்த டோர்ப்பா?”

பன்னிரண்டு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

“வலது பக்கம் மூணாவது.”

ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன். சீட் கிடைக்குமா என்று தெரிய இன்னும் இரண்டு வாரம் ஆகுமாம். என்மேல் உள்ள கோபம் தீர எவ்வளவு நாள் ஆகும் என்று யாரும் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

“தரை ஈரமா இருக்கு, பார்த்துப் போங்க” என்று எல்லோருக்கும் கேட்கும்படி இங்கிலீஷிலும் ஒரு தடவை சொன்னேன் — அதற்குத்தானே எனக்குச் சம்பளம்!